கைமாற்று

அடுத்த வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர் கொடுப்பவள் அதற்குக் கணக்கு எழுதி வைப்பதில்லை. நாளைக்குத் தன் வீட்டு மோரைப் பூனை உருட்டிவிட்டால், அதே மதில் சுவருக்கு மேலாகத் தானும் கிண்ணத்தை நீட்டலாம் என்ற தைரியம் இருக்கிறது, அது போதும். அரை ஆழாக்குக் காப்பிப் பொடி, ஒரு டம்ளர் சர்க்கரை என்றால் விஷயம் கொஞ்சம் மாறுகிறது. எழுதி வைக்காவிட்டாலும் மனசில் கணக்கு இருக்கும். கோபுரமாக வாங்கிப் போய்த் தலை தட்டித் திருப்பிக் கொடுத்த வீட்டைப் பற்றித் தெருவில் பேச்சு வராமல் இருக்காது. இதற்குக் கைமாற்று என்று பெயர். இதையும் தாண்டினால் கடைத்தெரு. அங்கே விலை உண்டு, தராசு உண்டு, சங்கடம் கிடையாது. விலை கட்டாவிட்டால் வேறு கடைக்குப் போகலாம்.

தெருவில் நடக்கிற சண்டைகளில் பாதி, கொடுத்தது இந்த மூன்றில் எது என்று இரண்டு வீட்டுக்காரர்களும் வேறு வேறாக நினைத்துக்கொண்டதால் வருவதுதான். ஒருத்தி கைமாற்று என்று நினைத்துக் கொடுத்ததை மற்றவள் வியாபாரமாக எடுத்துக்கொண்டு ஒரு நாள் காசை நீட்டினாள் என்று வையுங்கள். காசு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அன்றோடு அந்த மதில் சுவர் ஒரு முழம் உயர்ந்துவிடும்.

கடலுக்கு அடியில் மின்சாரக் கேபிள் போட்டு இணைந்துகொண்ட அண்டை தேசங்களின் விவகாரத்தைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். பௌதிகத்தைக் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு விட்டவன் நான். கேபிளின் கணிதம் என் வசத்துக்கு அப்பாற்பட்டது. எனக்கு அதில் தெரிவதெல்லாம் இந்த மதில் சுவர்தான்.

ஆனாலும் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் தீராது. நம் வீடுகளுக்கு வருகிற மின்சாரம் ஏ.சி. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடி ஓடுவது. இதைக் கடலடிக் கேபிளில் விட்டால் ஒரு தொல்லை. உள்ளே உலோகக் கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதற்கு வெளியே உறையும் உப்பு நீரும் என்று இருக்கிற அந்த அமைப்பு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு நீண்ட ஜாடியைப் போல ஆகிவிடுகிறது. ஓட்டம் திசை மாறும்போதெல்லாம் இந்த ஜாடியை நிரப்ப வேண்டும், கவிழ்க்க வேண்டும். தூரம் கூடக் கூட, கேபிளின் சக்தியெல்லாம் இந்த வேலைக்கே சரியாகிவிடும். வண்டியில் ஏற்றிய வைக்கோலை இழுத்துப் போன மாடே வழியில் தின்று தீர்த்த கதைதான். டி.சி. மின்சாரத்துக்கு இந்த உபாதை இல்லை. அது ஒரே திசையில் ஓடுவது. ஜாடியை ஒரு முறை நிரப்பிவிட்டால் போதும். கரையில் ஒரு நிலையத்தில் ஏ.சி.யை டி.சி. ஆக்கி, அக்கரையில் இன்னொரு நிலையத்தில் மறுபடி ஏ.சி. ஆக்கிக்கொள்கிறார்கள். இந்த மாற்று வேலையைப் பெரிய அளவில் செய்யும் பாதரச வால்வுகளுக்காக ஸ்வீடனில் உனோ லாம் என்ற பொறியாளர் இருபத்தைந்து வருஷம் போலப் பாடுபட்டார். 1954-ல் ஸ்வீடனின் பெருநிலத்திலிருந்து காட்லண்ட் தீவுக்கு 98 கிலோமீட்டர் கேபிள் போட்டு 20 மெகாவாட் அனுப்பினார்கள். இன்றைக்கு நோர்வேயிலிருந்து இங்கிலாந்துக்கு 2021 முதல் ஓடும் கேபிள் 720 கிலோமீட்டர் நீளம், 1,400 மெகாவாட்.

தூரத்தைவிட எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு குணம். ஏ.சி.யால் இணைந்த தேசங்கள் எல்லாம் ஒரே நாடியில் துடிக்க வேண்டும். நொடிக்கு 50 என்றால் எல்லோருக்கும் அதே 50, அதே கணத்தில். அது கூட்டுக்குடும்பம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீடு முழுக்க ரசம் சாதம். 2012 ஜூலை 31-ந் தேதி வட இந்தியாவும் கிழக்கிந்தியாவும் அறுபது கோடி ஜனங்களோடு இருளில் மூழ்கினபோது, தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்தியா தப்பித்தது ஞாபகம் இருக்கலாம். அப்போது தெற்கு வடக்கோடு டி.சி. மூலமாகத்தான் இணைந்திருந்தது; ஒரே நாடியில் இல்லை. நமக்கு அந்த நாட்களில் உள்ளூர் மின்வெட்டே நாளுக்குப் பத்து மணி நேரம் என்று இருந்ததால், தப்பித்ததைக் கொண்டாட யாருக்கும் தோன்றவில்லை. டி.சி. இணைப்பு என்பது தனிக்குடித்தனம். கொடுக்கல் வாங்கலுக்குக் கதவு உண்டு, வேண்டாதபோது சாத்திக்கொள்ளலாம். எவ்வளவு போக வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மனிதன் தீர்மானிக்கிறான்.

மனிதன் தீர்மானிக்கிறான் என்று வந்துவிட்டாலே தர்ம நியாயமும் வந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் இவையெல்லாம் கைமாற்றாகத்தான் தோன்றின. 1961-ல் இங்கிலாந்தும் பிரான்சும் கால்வாய்க்கு அடியில் 160 மெகாவாட் கேபிள் போட்டுக்கொண்டதற்குச் சொன்ன காரணம் எவ்வளவு அழகானது! ஆங்கிலேயருக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் நேரமும் பிரெஞ்சுக்காரருக்குத் தேவைப்படும் நேரமும் வேறு. ஒருவர் வீட்டில் அடுப்பு எரியும்போது மற்றவர் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். உன் அடுப்பு ஓய்ந்திருக்கையில் எனக்குக் கொடு, என் அடுப்பு ஓய்ந்ததும் உனக்குத் தருகிறேன். யாருக்கும் நஷ்டமில்லை.

நோர்வேயும் டென்மார்க்கும் 1976, 77-ல் இணைந்தது இன்னும் பொருத்தமான சம்பந்தம். நோர்வேயின் மின்சாரம் முக்கால்வாசிக்கும் மேல் மலை அருவிகளிலிருந்து வருவது. ஐரோப்பாவின் அணைத் தேக்கங்களில் ஏறக்குறையப் பாதி அந்தச் சின்ன தேசத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் மலையே இல்லை. அங்கே பின்னாளில் காற்றாடிகள் பெருகி, இப்போது அவர்கள் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காற்று பொறுக்காது. வீசும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பொறுக்கும். காற்று வீசும் இரவில் டேனிஷ்காரன் மலிவாக அனுப்புவான். நோர்வேக்காரன் மதகை மூடிக்கொண்டு தண்ணீரைச் சேமிப்பான். காற்று ஓய்ந்தபோது மதகு திறக்கும். மழை பொய்த்த 1996, 2003, 2010 போன்ற வருஷங்களில் நோர்வே தானே அயலாரிடம் வாங்கித்தான் காலம் தள்ளியது. இதைவிடச் சிறந்த கைமாற்று எந்தத் தெருவில் நடக்கும்?

இந்தச் சிநேகம் எப்படி மனஸ்தாபமாயிற்று என்பதுதான் கதை. 2021-ல் நோர்வேயிலிருந்து ஜெர்மனிக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று என இரண்டு பெரிய கேபிள்கள் வேலைக்கு வந்தன. ஐரோப்பாவில் வாயு விலை ஏறத் தொடங்கியிருந்தது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேனுக்குள் படை நடத்தியதும் அது தாறுமாறாக ஏறிற்று. அதே வருஷம் தெற்கு நோர்வேயில் மழை குறைந்து அணைகளும் இறங்கிவிட்டன. மின்சாரச் சந்தை என்று ஒன்று நடப்பதால், தண்ணீரை வைத்திருப்பவன் "நம் ஊருக்கு இன்று எவ்வளவு வேண்டும்?" என்று மட்டும் கேட்பதில்லை. "அக்கரையில் என்ன விலை?" என்றும் கேட்கிறான். அக்கரையில் விலை ஏறினால் இக்கரைத் தண்ணீருக்கும் விலை ஏறிவிடுகிறது. கேபிளில் மின்சாரம் போயிற்று. விலை திரும்பி வந்தது.

தெற்கு நோர்வேயில் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மலிவான மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கிக் கொண்டவர்கள். அங்கே குளிர்காலத்தில் சூடு என்பது சுகம் அல்ல, உயிர். ரொட்டிக் கடைக்காரர்கள் அடுப்பு மூட்டப் பயந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே வருஷம் வடக்கு நோர்வேயில் மின்சாரம் பல மடங்கு மலிவாகக் கிடந்தது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் உள்நாட்டுக் கம்பிகளுக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. கடலுக்கு அப்பால் இருந்த ஜெர்மானியன் தெற்குக்காரனுக்குப் பங்காளியாகிவிட்டான். மலைக்கு அப்பால் இருந்த சொந்த அண்ணன் அயலானாகிவிட்டான். கம்பி எங்கே போகிறதோ அங்கேதான் உறவு என்று ஆகிவிட்டால், தேசம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த ஜனங்கள் கேட்டதில் தப்பில்லை.

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: "இது எங்கள் மலையில் பெய்த மழை." இந்த வாதத்தைத்தான் நான் பல நாள் மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மழை யாருடையது? அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஆவியாகி, யாரையும் கேட்காமல் வந்து, உயரமான மலை குறுக்கே நின்றதால் பெய்துவிட்டுப் போகிறது. டென்மார்க்கில் மலை இல்லாதது டேனிஷ்காரனின் சோம்பேறித்தனத்தால் அல்ல. பெய்தது என் முற்றத்தில் என்பதனாலேயே எனக்குச் சொந்தம் என்கிற வாதம் எனக்கு ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால் பணக்காரன் வீட்டில் பிறந்த குழந்தை சாமர்த்தியசாலி என்றாகிவிடும்.

ஆனால் அந்த ஜனங்களின் வாதத்துக்குள் வேறொரு நியாயம் ஒளிந்திருக்கிறது. 1905-ல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்த கையோடு, அன்னிய முதலாளிகள் அருவிகளை வாங்கிக் குவிப்பதைக் கண்டு பதறி, 1906-ல் அவசர அவசரமாகச் சட்டம் போட்டது நோர்வே. பிறகு வந்த சட்டங்களில், தனியார் கட்டும் நீர்மின் நிலையங்கள் குறித்த காலம் கழிந்ததும் சர்க்காருக்கே திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அணை கட்டுகிற இடத்து ஊர்களுக்கு மின்சாரத்தில் ஒரு பங்கு உண்டு என்றும் எழுதினார்கள். பள்ளத்தாக்குகள் மூழ்கின. மேய்ச்சல் நிலங்கள் போயின. வடக்கே ஆல்டா நதியில் அணை வேண்டாமென்று சாமி இனத்தார் உண்ணாவிரதம் இருந்தார்கள், 1981-ல் போலீஸ் படை வந்து மறியல் செய்தவர்களை அப்புறப்படுத்தியது, அணை எழும்பிற்று. ஆகவே மழை அவர்கள் சொத்து இல்லைதான். மூழ்கின பள்ளத்தாக்கு அவர்கள் சொத்து. "உங்கள் நிலத்தை மூழ்கடிக்கிறோம், பதிலுக்கு உங்கள் பிள்ளைகள் மலிவாக விளக்கேற்றுவார்கள்" என்று சர்க்கார் தன் ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கு அது. வாக்கை யாரும் காகிதத்தில் எழுதவில்லை. அதனால்தான் அதை மீறியபோது அவ்வளவு வலித்தது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. அதே 2022-ல் நோர்வே அரசாங்கம் தன் வாயுவை அதே அண்டை நாடுகளுக்கு ஏறின விலைக்கு விற்று, முன் எப்போதும் காணாத வருமானம் பார்த்தது. ஒரு கையால் அயலான் வீட்டு விலையேற்றத்தில் லாபம் வாங்கிக்கொண்டு, மறு கையால் அதே விலையேற்றம் தன் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கதவைச் சாத்தினால், அயலான் என்ன நினைப்பான்? ஜெர்மானியப் பத்திரிகைக்காரர் ஒருவர் இதை எழுதினால் நோர்வேக்காரர் தலை குனியத்தான் வேண்டும். ஆனால் நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: தேசத்தைப் பார்க்கும்போது அதற்குள் இருக்கும் ஆள்களை எண்ணிப் பார்ப்பான். வாயு விற்ற பணம் அரசாங்கத்தின் நிதியில் போய்ச் சேர்ந்தது. மின்சார பில் ரொட்டிக் கடைக்காரன் மேஜையில் வந்து விழுந்தது. இரண்டையும் "நோர்வே" என்ற ஒரே பெயரால் கூட்டிக் கழிப்பது கணக்குக்குச் சரி; நியாயத்துக்குச் சரியில்லை.

சர்க்காரும் இதை உணராமல் இல்லை. 2021 டிசம்பர் முதல், ஒரு வரம்புக்கு மேல் ஏறிய விலையில் பெரும் பங்கைத் தானே ஏற்றுக்கொண்டது; முதலில் பாதிக்குச் சற்று மேல், பின்னால் 90 சதவீதம். 2025 அக்டோபரிலிருந்து விரும்பும் வீடுகளுக்கு வரி நீங்கலாக யூனிட் 40 ஓரே என்ற நிலையான விலை. நூறு ஓரே ஒரு குரோனர். இதற்கிடையில் 2025 ஜனவரியில், ஐரோப்பிய யூனியனின் மின்சார விதிகளை ஏற்பதா என்ற தகராறில் கூட்டணி மந்திரிசபையே உடைந்து, விவசாயிகளின் ஆதரவு பெற்ற சென்டர் கட்சி வெளியேறிற்று. ஸ்வீடனோ ஜெர்மனிக்குப் போட இருந்த 700 மெகாவாட் கேபிளை 2024 ஜூனில் வேண்டாமென்று நிறுத்திவிட்டது. அவர்களது தெற்கிலும் உற்பத்தி குறைவு. விலை வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேபிள் போட்டது குற்றமல்ல. விற்றதும் குற்றமல்ல. கைமாற்று என்று சொல்லி ஜனங்களைச் சம்மதிக்க வைத்துவிட்டு, உள்ளுக்குள் வியாபாரமாக நடத்தியதுதான் கோணல். வியாபாரம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், லாபத்தில் எங்கள் பங்கு எவ்வளவு, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்று ஜனங்கள் கேட்டிருப்பார்கள். உறைமோர் கொடுக்கிறவளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சரி, அயலானே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டால் நிம்மதியா? பால்டிக் கரையோர தேசங்களைக் கேட்க வேண்டும். எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் 1990-களின் தொடக்கத்திலேயே சுதந்திரம் அடைந்துவிட்டன. கொடி மாறிற்று, நாணயம் மாறிற்று, 2004-ல் ஐரோப்பிய யூனியனிலும் சேர்ந்தாயிற்று. ஆனால் மின்சாரத்தின் நாடி மட்டும் மாஸ்கோவிலிருந்து துடித்துக்கொண்டிருந்தது. அந்த நாடியிலிருந்து பிரிந்து வர, கடலுக்கு அப்பால் இருந்த பின்லாந்தும் ஸ்வீடனும் டி.சி. கேபிள் மூலம் கொடுத்த கைதான் பெரிய ஆதாரம். பிரிவதற்கு ஆறு வாரம் இருக்கையில், 2024 டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் அன்று, ருஷ்யத் துறைமுகத்திலிருந்து வந்த 'ஈகிள் எஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தைக் கடலடியில் பல மைல் இழுத்துக்கொண்டு போனதில், பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் நடுவில் இருந்த 650 மெகாவாட் கேபிள் அறுந்தது. சரிசெய்ய 2025 ஜூன் ஆகிவிட்டது. வழக்கு நடந்தது. சம்பவம் பின்லாந்தின் எல்லைக்கடலுக்கு வெளியே நடந்ததால் விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் அக்டோபரில் சொல்லிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில் யார் விளக்கை உடைத்தாலும் கேட்பாரில்லை என்பது போலத்தான்.

கேபிள் அறுந்து கிடந்தபோதே அந்த மூன்று தேசங்களும் பின்வாங்கவில்லை. 2025 பிப்ரவரி 8-ந் தேதி ருஷ்ய நாடியிலிருந்து கழன்று, ஒரு நாள் மூன்று பேருமாகத் தனியே நின்று, 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பிய நாடியோடு சேர்ந்துகொண்டார்கள். விளக்கு ஒன்றுகூட அணையவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் விளக்கு அணைந்தது. பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மந்திரி சொன்னார். சிரித்தவர்கள் உண்டு. 2022-ல் எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அவ்வளவு சிரிப்பு வந்திருக்காது.

குரங்கு ஒரு தேசத்தை அணைத்துவிட முடிகிறதென்றால் அந்தத் தேசம் மின்சாரத்தில் தனியாக நிற்கிறது என்றுதான் அர்த்தம். முட்டுக்கொடுக்க அயல் வீடு இல்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவே பாக் ஜலசந்தி, குறுகிய இடத்தில் முப்பது கிலோமீட்டர் சுமார். 1914-லிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிக் காப்பி குடித்த காலம் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. மின்சாரத்தால் இணைவது பற்றி 1970-களிலிருந்தே பேச்சு நடக்கிறது. 2010-ல் ஓர் உடன்படிக்கை. 2025 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பில், டி.சி. இணைப்புக்காக மறுபடி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். இவ்வளவு கிட்டத்தில் ஏ.சி.யே போதாதா என்று கேட்கலாம். இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் இரண்டரை லட்சம் மெகாவாட். இலங்கையினுடையது அதில் நூற்றில் ஒரு பங்கு அளவு. யானையோடு ஆட்டுக்குட்டியை ஒரே நுகத்தில் பூட்ட முடியாது. தனிக்குடித்தனம்தான் சரி.

ஆனால் இங்கே கைமாற்றுக்கு இடம் எவ்வளவு? 2006 முதல் இரு கரையிலும் கடிகாரம் ஒரே மணி காட்டுகிறது; விளக்கேற்றும் நேரமும் ஒன்றே. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழியில் வீசும் அதே மாதங்களில்தான் மன்னாரிலும் வீசுகிறது. டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் வாய்த்த பொருத்தம் நமக்கு இல்லை. இலங்கை மலைகளில் மகாவலித் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அளவு சிறிது. ஆகவே ஒருவர் பெரும்பாலும் விற்பவராகவும் மற்றவர் பெரும்பாலும் வாங்குபவராகவும் இருக்கப் போகிறோம். மன்னார்க் காற்று இந்தப் பக்கம் வந்தாலும் அது விற்பனைதான். அந்த மன்னாரில் 2025 ஆகஸ்டில் ஜனங்கள் தெருவில் உட்கார்ந்து, மேலும் காற்றாடிகள் வேண்டாம் என்று போராடினார்கள். மீன்பாடு போகிறது, மழை நீர் வடியவில்லை என்பது அவர்கள் முறையீடு. நோர்வேயில் பள்ளத்தாக்கு மூழ்கினவர்களின் முறையீடும் இதுவேதான். அவர்களுக்காவது ஊர்ப்பங்கு என்று ஒரு சட்டம் இருந்தது. மன்னாருக்கு என்ன பங்கு என்று ஒப்பந்தம் எழுதும்போது யாராவது கேட்பார்களா, தெரியவில்லை.

இன்னொன்று. கடலடிக் கேபிளுக்கு இரண்டு சத்துருக்கள்: நங்கூரமும் அடிமடி இழுவலையும். 2016 நவம்பர்ப் புயலில் இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு நங்கூரம் எட்டுக் கேபிள்களில் நான்கை அறுத்தது. நம் ஜலசந்தியில் இழுவலையைப் பற்றித்தான் இத்தனை வருஷமாகச் சண்டை. ராமேசுவரம் படகு வந்து கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர் அழுகிறார். படகைப் பிடித்துப் பிள்ளையைச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று ராமேசுவரத்துத் தாய் அழுகிறாள். இழுவலையை 2017-ல் இலங்கை சட்டத்தால் தடுத்தது, ஓடுவது நிற்கவில்லை. இரண்டு தலைநகரங்களிலும் பேசித் தீராத இந்த வழக்கு கிடக்கிற அதே மணலில்தான் கேபிளையும் புதைக்க வேண்டியிருக்கும். எத்தனை அடி ஆழத்தில் புதைப்பது என்று பொறியாளர்கள் கேட்கும்போது, இங்கே எந்த வலை எவ்வளவு ஆழம் கிழிக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த இரண்டு கரை மீனவர்கள்தான்.